பெரட்டு எண் 417

கொழிஞ்சாம்பாறை
18-1-1976

அன்புள்ள மாரித்தாய் அக்காவுக்கு,

கமலாத்தாள் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மழையில் உங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, நான்கு நாள் உங்கள் அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்த கல்லூரி டீச்சர். நான் இட்லி சுட்டுத் தருகிறேன் என்று சொல்லி மாவைக் கொட்டிக் கவிழ்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நல்ல சேதி அக்கா. இந்த நாளில் நல்ல சேதியைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாடுகள் ஆட்டக்காரர்களையும் பாட்டுக்காரர்களையும் அனுப்பி ஒன்றோடொன்று உறவு வளர்த்த வரலாற்றை எழுதினேன் அல்லவா, அது புத்தகமாகி, போன வருஷத்தின் மிகச் சிறந்த ஆய்வு என்று டில்லியில் ஒரு கழகம் பரிசு அறிவித்திருக்கிறது. மார்ச் கடைசியில் விழா. தபால்காரர் நீட்டிய கடிதத்தை வாசலிலேயே பிரித்துப் படித்தேன். அப்பா படித்துவிட்டுப் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டினார். சந்தோஷமா, பயமா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவர்கள் மெச்சியது ஏழாவது அத்தியாயத்தை. உங்கள் வீட்டுக் கதையை. 1957இல் சீனத்துக் கலைக்குழு காக்காப்பாறை எஸ்டேட்டைப் பார்க்க வந்ததும், உங்கள் வீட்டுக்காரர் சோலை அண்ணன் அவர்கள் முன்னால் உறுமி அடித்ததும், அவர்களுடைய மத்தளக்காரர் வென் அதை வாங்கி மடியில் வைத்துத் தட்டிப் பார்த்ததும், பிறகு ஐந்து வருஷம் இரண்டு பேரும் எழுதிக்கொண்ட கடிதங்களும். மழைக்காலத்தில் தோல் தளர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அங்கிருந்து கேள்வி. கரி அடுப்பில் எவ்வளவு தூரத்தில் காட்ட வேண்டும் என்று இங்கிருந்து பதில். தூதர்கள் படத்துக்குச் சிரித்துவிட்டுப் போனார்கள், உறவை நடத்தியது இந்த இரண்டு பேர்தான் என்று எழுதியிருக்கிறேன்.

பயப்படாதீர்கள். பெயர் எங்குமே இல்லை. நீங்கள் கொடுத்த தகரப்பெட்டியின் மூடியில் பெயின்ட்டில் இருந்த எண்ணை மட்டும் போட்டு, '417 தொகுப்பு' என்று குறித்திருக்கிறேன். பத்திரிகையிலும் அப்படியே வந்திருக்கிறது. வெட்டிய துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

சோலை அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்
கமலாத்தாள்


காக்காப்பாறை எஸ்டேட்
சின்னக்கானல் வழி
29-1-76

டீச்சரம்மாவுக்கு,

சுகம் விசாரிக்கக் கை வரவில்லை. உங்கள் கவரை யாரோ பிரித்து மறுபடி ஒட்டிக் கொடுத்தது போல இருந்தது. பசை ஈரம் காயவில்லை. என் பயம் அப்படிக் காட்டியதோ என்னவோ. இனிமேல் தபாலில் எழுதாதீர்கள். வட்டவடையிலிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வரும் லாரிக்காரர் மாரப்பனிடம்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

நீங்கள் இவ்வளவு படித்தவர்கள். எங்கள் லயத்தில் நான்கு நாள் தங்கினீர்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடுவதை ஒரு நாளாவது எழுந்து கேட்டிருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டீர்கள். இங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்பர்தான். கூடையில் 417, கம்பளியில் 417, ரேஷன் சீட்டில், ஆஸ்பத்திரித் துண்டில், பிள்ளைக் காப்பகத்தில் நான் ஆட்டும் தொட்டிலில்கூட அப்பன் நம்பர்தான் கட்டியிருக்கும். இந்த எஸ்டேட்டில் நான்கு சோலை இருக்கிறார்கள். 417 ஒருத்தர்தான். நீங்கள் பேரை எழுதி நம்பரை மறைத்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றே சொல்லியிருக்க வேண்டியது. அந்தப் பெட்டியை உங்களிடம் கொடுத்தது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. பெட்டி இருப்பதே தெரியாது.

அறுபத்திரண்டில் சண்டை வந்தபோது, இந்த ஊர்த் தபாலாபீஸிலிருந்து சீனத்துக்கு எழுதுவது யார் என்று போலீஸ் வந்து கேட்டது. இவருக்கு எழுதத் தெரியாது. இவர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதியது எங்கள் ஸ்கூல் வாத்தியார் சூசையப்பன். கவரில் அவர் கையெழுத்து, வருகிற கடிதமும் அவர் விலாசத்துக்கு. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினோரு மாசம். ஒரு தடவைகூட அவர் இவர் பேரைச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. மூன்று வருஷம் இருமிவிட்டுச் செத்துப் போனார். இவர் போய், அது என் கடுதாசி என்று சொல்லவில்லை. சொல்ல விடாமல் காலைக் கட்டிக்கொண்டவள் நான். கைப்பிள்ளை இருந்தது.

எல்லாவற்றையும் எரித்துவிடு என்றார். பழைய பேப்பரை எரித்துச் சாம்பலைக் காட்டினேன். அந்தப் பெட்டியில் இருந்ததை எரிக்க எனக்கு மனசு வரவில்லை. மலை தாண்டி, கடல் தாண்டி என் புருஷனை ஒருத்தர் 'அன்புள்ள நண்பரே' என்று கூப்பிட்டிருக்கிறார். எங்களை யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? அந்தத் திமிரில்தான் உங்களிடம் கொடுத்தேன்.

பரிசு வேண்டாம் என்று எழுதிப் போடுங்கள்.

மாரித்தாய்


கொழிஞ்சாம்பாறை
8-2-1976

அக்கா,

உங்கள் கடிதத்தை மாட்டுக்கொட்டகையில் நின்று படித்தேன். வீட்டுக்குள் படிக்கத் தைரியம் இல்லை.

தப்பு என்னுடையது. எண் என்றால் முகம் இல்லாதது என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் எண் போட்டிருப்பது மின்சாரக் கம்பத்துக்கும் பஸ்ஸுக்கும்தான். ஆனால் அக்கா, அண்ணனுக்குத் தெரியாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன். வாத்தியாரைப் பற்றியும் நீங்கள் வாய் திறக்கவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னீர்கள். என்னையும் இருட்டில் நிறுத்திவிட்டு, இப்போது ஏன் இடறினாய் என்கிறீர்கள். எனக்கும் கோபம் இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பரிசு வேண்டாம் என்று மூன்று முறை எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். பதினோரு வருஷம் இதற்காக அலைந்திருக்கிறேன். கல்யாணப் பேச்சுகளைத் தட்டிக் கழித்தது இதற்காகத்தான். ஆட்டக்காரர்கள் வந்து போனதெல்லாம் ஒரு சரித்திரமா என்று கல்லூரியில் என்னைக் கேலி பேசினவர்கள் இன்று எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை. இப்படி எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

இந்தியாவும் சீனாவும் மறுபடி பேசப் போகின்றன, அதனால்தான் இப்படி ஒரு புத்தகத்துக்குப் பரிசு கொடுக்கத் துணிந்தார்கள் என்று டில்லிக்குப் போய் வந்த ஒரு பேராசிரியர் சொன்னார். அப்படியானால் பயம் எதற்கு என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் இந்த எமர்ஜென்சியில் போன வாரம் எங்கள் கல்லூரி நூலகரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எதற்கு என்று சொல்லவில்லை. அவர் இன்னும் வரவில்லை. எல்லோரும் அவர் லீவில் இருப்பது போலவே பேசிக்கொள்கிறோம்.

கழகத்தார் கடிதங்களின் அசலை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், விழாவில் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். அனுப்பமாட்டேன். இதை மட்டும் நம்புங்கள்.

கமலாத்தாள்


காக்காப்பாறை
19-2-76

டீச்சரம்மா,

கோபத்துக்கு எனக்கு இப்போது நேரம் இல்லை. பிறகு வைத்துக்கொள்வோம்.

ஆபீஸ் கிளார்க் உங்கள் சேதி வந்த பேப்பரைக் கொண்டுவந்து பெரட்டுக் களத்தில் எல்லோரும் கேட்கப் படித்துவிட்டார். 417 என்ற இடம் வந்தது. எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். இவர் தேயிலை வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலை ஏறிவிட்டார்.

சாயங்காலம் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "நீ எரிச்சது எதை?" என்று ஒரே ஒரு கேள்வி. பதினாலு வருஷத்துப் பொய்யைச் சொல்லி முடிக்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "வென் கடைசியா என்ன எழுதியிருந்தான்?" என்று கேட்டார். சண்டைக்கு முந்தின வாரம் வந்து, வாத்தியார் என் கையில் கொடுத்துவிட்ட கடிதத்தை இவர் வாசிக்கக் கேட்கவே இல்லை. அதற்குள் வாத்தியாரைக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே இவர் எழுந்து சட்டை போட்டுக்கொள்கிறார். பனியனோடு கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாதாம். தோட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை ஜீப் போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

பெட்டியில் இருப்பதை எரித்துவிடுங்கள். இந்தத் தடவை நிஜமாகவே எரியட்டும். எரிப்பதற்கு முன்னால் அந்தக் கடைசிக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

மாரித்தாய்


கொழிஞ்சாம்பாறை
1-3-1976

அக்கா,

முதலில் கடைசிக் கடிதம். தனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருப்பதாக வென் எழுதியிருக்கிறார். அது மத்தளச் சத்தத்துக்கு அழுவதில்லை, நிறுத்தினால்தான் அழுகிறது என்கிறார். அவ்வளவுதான். அண்ணனிடம் சொல்லுங்கள்.

இனிச் சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

வியாழக்கிழமை பிரின்சிபால் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர். ஒருவர் என் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். பக்கங்களில் காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. இதுவரை என் புத்தகத்தை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். 417 யார் என்றார்கள். ஆய்வு நெறி, சொல்லக் கூடாது என்றேன். நூலகரும் முதலில் இப்படித்தான் நெறி பேசினார் என்று ஒருவர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். பிரின்சிபால் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

அண்ணன் பேர் தொண்டை வரை வந்துவிட்டது அக்கா. அதை விழுங்கிவிட்டு, கடிதங்கள் சூசையப்பன் வாத்தியாருடையவை என்று சொன்னேன். செத்துப் போனவர், அவரை இனி யார் என்ன செய்ய முடியும் என்று அந்த ஒரு நொடியில் தோன்றியது. அவர்கள் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். அசல் எங்கே என்று கேட்டதற்கு, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று இன்னொரு பொய்.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "ஏங் கண்ணு, உசுரோட இருக்கறவனக் காப்பாத்துன. செத்தவன் கோவிச்சுக்கமாட்டான்" என்றார். சமாதானம் ஆகவில்லை. கடிதங்களை எரிக்கப் பெட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். ஒரு கடிதத்தைத் தீயில் நீட்டினேன். ஓரம் கருகியதும் இழுத்துவிட்டேன். என்னால் முடியவில்லை. பெட்டி நிலக்கடலை மூட்டைக்குள் இருக்கிறது.

அண்ணனுக்கு ஒன்றும் வராது என்று நம்புகிறேன்.

கமலாத்தாள்


காக்காப்பாறை
12-3-76

டீச்சரம்மா,

செத்தவரை ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பொண்டாட்டி இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. அதையும் நான் சொல்லவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன்.

இன்பமேரி எங்கள் லயத்திலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயா. செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது. இவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஜீப் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அவள் வீட்டு முன்னால் நின்றது. தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். வாத்தியாரின் ஜெபப் புத்தகத்தைக்கூடத் தையல் பிரித்துப் பார்த்தார்கள். அவள் மடக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். மறுநாள், விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம், வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். உங்கள் கையெழுத்து அவள் வீட்டுக்குள் வந்து தோண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை நான் இவருக்கு வாசித்தேன். வென்னுக்குப் பிள்ளை பிறந்த இடத்தில் சிரித்தார். பதினாலு வருஷம் கழித்து வந்த சேதிக்கு அப்படி ஒரு சிரிப்பு. வாத்தியார் பேர் வந்த இடத்தில் எழுந்துவிட்டார். நேராக இன்பமேரி வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இந்தத் தடவை காலைக் கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ளத்தான் ஓடினேன், ஆனால் முடியவில்லை.

இவர் அவள் வாசலில் போய் நின்றார். அவளே சொன்னாள். "தெரியும்ணே. அவரு சாகுறதுக்கு முன்ன எங்கிட்டச் சொல்லிட்டாரு. நீங்க வருவீகன்னு நானும் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் பாத்தேன். என் வாசலத் தாண்டித்தான் தண்ணிக்குப் போவீக." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் குளித்து, மாரியம்மனைக் கும்பிட்டு விபூதி பூசி, வேட்டி மாற்றினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. "வாத்தியாருக்குப் பதினோரு மாசம். நான் போய் என் கணக்கச் சொல்லிட்டு வாரேன்" என்றார். மூணாறு போகிற ஜீப்பில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய், 417 நான்தான், கடிதம் என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு மூன்றாவது நாள். வரவில்லை. பார்க்க விடவில்லை.

டீச்சரம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. வாத்தியார் இருமினது காதிலேயே இருக்கிறது.

மாரித்தாய்


கொழிஞ்சாம்பாறை
20-3-1976

அக்கா,

டில்லியிலிருந்து இரண்டு வரி வந்தது. விசாரணை நடப்பதால் பரிசு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். படித்துவிட்டு அழுதேன். நன்றாக அழுது முடித்த பிறகுதான், இதில் ஒரு சொட்டுகூட அண்ணனுக்காக இல்லை என்று புரிந்தது. அந்தக் கணம் என்மேல் எனக்கு வந்த அருவருப்பு, பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதனால்தான் கிளம்புகிறேன்.

நான் சொன்னது பொய், வாத்தியார் வெறும் எழுதிக் கொடுத்தவர், கடிதங்களில் தோலும் தாளமும் பிள்ளைகளும் தவிர ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன். பெட்டியையும் கொண்டுவருகிறேன். அவர்களே படித்துப் பார்க்கட்டும். கொடுத்தால் திரும்பி வராது என்று தெரியும். வராவிட்டால் என் ஏழாவது அத்தியாயத்துக்கு ஆதாரமே இல்லை. நாளைக்கு ஒருவர் அத்தனையும் கட்டுக்கதை என்று சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

அப்பா வண்டி கட்டித் தரமாட்டேன் என்கிறார். அம்மா சாப்பிடவில்லை. பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என்னையும் உள்ளே வைக்கலாம் என்று வக்கீல் சொன்னார். திங்கட்கிழமை உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழி பஸ்ஸில் வருகிறேன். ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள். நான் தயங்கினால் கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுங்கள்.

கமலாத்தாள்


காக்காப்பாறை
23-4-76

டீச்சரம்மாவுக்கு,

நீங்கள் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்ததை மாரப்பன் சொன்னார். உங்களை நான் தள்ள வேண்டியிருக்கவில்லை. நீங்களே போனீர்கள். காலையில் போனவர்கள் நான்கு மணிக்குத்தான் வெளியே வந்தீர்கள். உங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள், டீ கொடுத்தார்கள், கடைசியில் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்த யாரோ போனில் பேசினார்கள். இவர் அதே கட்டடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். உங்கள்மேல் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்த எழுத்து வேலை செய்தது. இன்பமேரியை மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வீடும் போகவில்லை. இவரை விடவில்லை. பெட்டியைப் படிக்க மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம். எப்போது படித்து முடிப்பார்கள் என்று ஏட்டய்யாவுக்கே தெரியாது.

போன வாரம் ரேடியோவில் சொன்னார்கள், பதினைந்து வருஷத்துக்குப் பிறகு சீனத்துக்கு நம் தூதர் போகப் போகிறாராம். லயம் முழுக்க என்னிடம் வந்து அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். நானும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். எங்களுக்கு ஆர்டர் வரவில்லை என்றார்கள்.

பரிசு மறுபடி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று முதலில் எழுதினவள் நான்தான். இப்போது நானே சொல்கிறேன். பெட்டியும் போய்விட்டது, இனிமேல் இவருக்கு இப்படி ஒரு கூட்டாளி இருந்தான் என்பதற்கு உங்கள் புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது.

தினமும் ஒரு வேளைச் சோறு உள்ளே கொடுக்க விடுகிறார்கள். உறவுக்காரர்கள்தான் கொடுக்க வேண்டும், வாசலில் உறவு சொல்லி நோட்டில் எழுத வேண்டும். காப்பகத்தை விட்டு நான் தினமும் போனால் என் வேலை போய்விடும். என்ன செய்வது என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தபோது இன்பமேரி வந்தாள். கதவைச் சாத்தினதற்குப் பிறகு அவள் என் வாசலுக்கு வந்தது அன்றைக்குத்தான். "உங்க மேல கோவம் போகல. அது போகாது" என்றாள். "ஆனா எங்க வீட்டுக்காரரு உள்ள இருந்தப்ப இந்த லயத்துலருந்து ஒரு தூக்குச் சோறு போகல. எல்லாருக்கும் பயம். காத்துக் கெடந்தேன்னு அவரு சொன்னாரு." என் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டாள்.

இப்போது ஒரு நாள் நான், ஒரு நாள் அவள். நேற்று அவளோடு மூணாறுக்குப் போனவர்கள் சொன்னார்கள், நோட்டில் எழுதுகிறவர் தலையைத் தூக்காமல், உள்ளே இருப்பவருக்கு நீ என்ன உறவு என்று கேட்டாராம். கூடப் பிறந்த தங்கச்சி என்று எழுதச் சொல்லியிருக்கிறாள்.

மாரித்தாய்